தெரிந்தே விழுகிறார்களா, சறுக்கி விழுகிறார்களா? ‘சறுக்கலே’ என்ற அணியில் ஒரு மருந்துக்கடைக்காரர்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் பெரியவர்களே, காணும் பொங்கலன்று வேலூர்க் கோட்டைப் பக்கம் போகாமல் இந்தச் சத்துவாச்சாரி மைதானத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பின்னால் வந்து சேர்ந்தவர்களுக்காகத் தலைப்பை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள் போதைக்கு அடிமையாவது தெரிந்தே செய்கிற தப்பாலா, தெரியாமல் சறுக்கிப் போகிற சறுக்கலாலா? எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஐயா, தெரிந்தேதான் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். சிகரெட் அட்டையில் 85 சதவீத இடத்துக்குப் புண்ணாகிப்போன வாயைப் படமாகப் போட்டிருக்கிறார்கள், எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கும் அது புரியும், அப்புறமும் எடுத்து வாயில் வைக்கிறான் என்றால் அதற்குப் பேர் சறுக்கலா, திமிரா என்று கேட்டார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன், ஏனென்றால் அது கேட்க வேண்டிய கேள்விதான்.

ஐயா, அந்தப் பெரிய படம் 2016-லிருந்து அட்டையில் இருக்கிறது. ஆனால் பையன்கள் அட்டையாகவா வாங்குகிறார்கள்? பெட்டிக்கடையில் போய் ஒன்றே ஒன்று கேட்கிறார்கள், கடைக்காரர் உருவிக் கொடுக்கிறார், அந்த ஒற்றை சிகரெட்டில் எந்தப் படமும் கிடையாது. அதுவும் மூன்றாவது நாலாவது சிகரெட். முதல் சிகரெட்டை யாரும் காசு கொடுத்து வாங்குவதே இல்லை, அது சிநேகிதன் கையிலிருந்து பாதி எரிந்து, அவன் எச்சில் பட்டு, “ஒரு இழுப்பு இழு மச்சி” என்று வருகிறது. படத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க அங்கே ஒரு நிமிஷம்கூட இடமில்லை. நீங்கள் சொன்ன எச்சரிக்கை கடைசிப் படியில் நிற்பவன் கண்ணில் படுகிற மாதிரி எழுதி ஒட்டியிருக்கிறது, முதல் படியில் கால் வைக்கிறவனுக்கு அது தெரிகிற இடத்தில் இல்லை.

நான் படிப்பாளி இல்லை, பேச்சாளரும் இல்லை. 22 வருஷமாக இதே பகுதியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி நான் பார்த்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், அதுதான் என்னிடம் இருக்கிற வாதம். பெயர் சொல்ல மாட்டேன், தெருவும் சொல்ல மாட்டேன். இங்கே சொல்லப்போகிறேன் என்று அவனிடம் கேட்டேன். “சொல்லுணா, நாலு பேருக்கு ஆவும்” என்றான்.

அவனுக்குத் தொடக்கம் ஒன்பதாம் வகுப்பில். கிரிக்கெட் டீமில் இவனைவிட மூன்று வயது பெரிய பையன், பந்து போடுவதற்கு முன்னால் உதட்டுக்குள் ஒரு சின்னப் பை ஒதுக்கிக்கொள்வான். தேநீர்ப் பை மாதிரி இருக்கும், புதினா வாசனை அடிக்கும், உள்ளே புகையிலைத் தூள். “ஒண்ணும் ஆவாது, சூயிங்கம் மாதிரிதான், கிர்ருனு இருக்கும்” என்று ஒன்றைக் கொடுத்திருக்கிறான். புகை இல்லை, வாயில் நாற்றம் இல்லை, வகுப்பிலேயே வைத்துக்கொண்டு உட்காரலாம், அம்மா கண்டுபிடிக்க வழியே இல்லை. குட்கா வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-லிருந்தே தடை. பள்ளிக்கூடத்தைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் எந்தப் புகையிலையும் விற்கக்கூடாது என்று 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. எல்லாம் சரி, ஆனால் அந்தப் பையன் நூறு கெஜத்தை அளந்து பார்த்துவிட்டா வாங்கினான்? அவனுக்கு அது அண்ணன் மாதிரி பழகுகிறவன் கொடுத்த மிட்டாய்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, மேல்விசாரம் பக்கம் எத்தனை வீடுகளில் பீடி சுற்றித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். அந்தத் தாய்மாரைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது, அவர்கள் விரல் தேய்ந்த காசில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் முறத்தில் அரிசி கிடப்பது மாதிரி புகையிலை கிடக்கிற ஊரில், ஒரு பிள்ளைக்கு அதைப் பார்த்துப் பயம் வர வேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

அப்புறம் பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறை. சித்தப்பா மகன் புது பைக் எடுத்தான், அதற்கு ட்ரீட். ஒரே ஒரு பீர், அதையும் நாலு பேர் பகிர்ந்துகொண்டார்கள். 21 வயதுக்குக் கீழே இருப்பவனுக்கு மது விற்கக்கூடாது, அது விதி. வாங்கி வந்தவனுக்கு 23 வயது, விதிப்படி அவன் வாங்கலாம். வீட்டில் மாமாவுக்கு வாசனை தெரிந்துவிட்டது. என்ன செய்தார் தெரியுமா, சிரித்தார். “ஆம்பளப் புள்ளைன்னா அப்படித்தான், அம்மாகிட்ட சொல்லாத” என்றாராம். அந்தச் சிரிப்பு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது என்று அவன் என்னிடம் சொன்னான். அன்றைக்கு ஒரு அதட்டல் விழுந்திருந்தால் நின்றிருப்பானா என்று கேட்டேன். தெரியாது, ஆனால் கொஞ்சம் பயந்திருப்பேன் என்றான்.

பாலிடெக்னிக் போனான். பாலாற்றில் தண்ணீரா ஓடுகிறது, மணலும் முள்ளும்தானே, பாலத்துக்கு அடியில் நல்ல நிழல். அங்கே கஞ்சாப் பொட்டலம் வந்தது. “சிகரெட்டுதான் கெமிக்கல், இது செடி, இயற்கை” என்று ஒருவன் பாடம் நடத்தியிருக்கிறான். எருக்கும் செடிதான், அரளியும் செடிதான் என்று திருப்பிச் சொல்ல அந்த வட்டத்தில் ஒருவன் இல்லை. முதல் இரண்டு தடவை இருமல்தான் வந்தது, ஒன்றுமே ஏறவில்லை. அந்த ஒன்றுமே ஆகாததுதான் அவனைக் கெடுத்தது. பார்த்தாயா, பயமுறுத்துகிறார்கள், ஒன்றும் ஆகவில்லையே என்று தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் இதுதான் நடக்கிறது, நடுவர் அவர்களே. முந்தின படியில் ஒன்றும் ஆகாததால் அடுத்த படி சின்னதாகத் தெரிகிறது. ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் நேராகப் போய் ஒரு ஊசியை நீட்டியிருந்தால் அவன் ஓடியே போயிருப்பான்.

இங்கே வழக்கறிஞர் அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம், பத்துப் பேர் தொட்டார்கள், எட்டுப் பேர் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள், இரண்டு பேர் மட்டும் கெட்டால் அது அவனவன் புத்திதானே என்றார். அம்மா, கஞ்சா தொட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமையாகிறார், அதையே பதின்வயதில் தொட்டால் ஆறில் ஒருவர் என்று மருத்துவ உலகம் நெடுநாளாகச் சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்த ஆறாவது ஆள் யார் என்று நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வீட்டு நிலைமை, ரத்தத்தில் வருவது, மனசுக்குள் இருக்கிற ஏதோ ஒரு துக்கம், எல்லாம் சேர்ந்து அது முடிவாகிறது. முன்யோசனை, கட்டுப்பாடு இதையெல்லாம் பார்த்துக்கொள்கிற மூளையின் முன்பகுதி முழுசாக முதிர 25 வயது வரை ஆகிறது. பிரேக் இன்னும் மாட்டாத வண்டியில் பத்துப் பிள்ளைகள் சரிவில் போகிறார்கள், எட்டுப் பேருக்கு மேடு வந்து வண்டி தானாக நின்றது. நின்றவர்களுக்குப் புத்தி அதிகம் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.

2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்திய நாடு தழுவிய ஆய்வு வந்தது. அதில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு எண். மூக்கால் முகர்கிற போதையில் சிக்கி உதவி தேவைப்படுகிற நிலையில் 10 முதல் 17 வயதுக்குள் இருக்கிற பிள்ளைகள் இந்த நாட்டில் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம். எதை முகர்கிறார்கள்? பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன், ஒயிட்னர், ஆம்பூர் ராணிப்பேட்டைப் பக்கம் ஷூவுக்குத் தடவுகிற பசை வகைகள். போதைப்பொருள் சட்டத்துக்குள் வராத பொருள், சைக்கிள் கடையில் கிடைக்கிற பொருள். பத்து வயசுப் பிள்ளைக்கு இதில் என்ன தெரியும், அதில் திமிர் எங்கே இருக்கிறது, ஐயா?

சரி, நம் பையனிடம் வருகிறேன். படிப்பு பாதியில் நின்றது. ராத்திரியில் பார்சல் குடோனில் மூட்டை இறக்குகிற வேலை. தோள்பட்டை வலி. கூட வேலை செய்தவன் ஒரு மாத்திரை கொடுத்தான், “டாக்டர் குடுக்கிற மாத்திரைதான்டா, ஆபரேஷன் பண்ணவங்களுக்கே இதைத்தான் குடுக்கிறாங்க” என்று. அது பொய்யும் இல்லை. கடுமையான வலிக்குச் சீட்டின் பேரில் கொடுக்கிற மாத்திரைதான் அது. இந்த மாதிரி மாத்திரைகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2014-லிருந்து எங்களுக்கு விதி இருக்கிறது. டிராமடால் என்ற வலி மாத்திரையை 2018-ல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். ஒன்றை அடைத்தால் அதன் தம்பி இன்னொன்று வருகிறது, டேபென்டடால் என்று. கடையில் கிடைக்காவிட்டால் வெளிமாநிலத்திலிருந்து பார்சலில் வருகிறது. என் தொழில் பொருள், வலியில் துடிக்கிறவனைத் தூங்க வைக்கிற பொருள், இப்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அடிவயிறு எரிகிறது.

முதலில் வலிக்கு ஒன்று. அப்புறம் வலி இல்லாத நாளிலும் ஒன்று. ஒன்றில் ஏறுவது நின்றதும் இரண்டு, மூன்று. அப்புறம் அதைக் கரைத்து ஊசியில். வாயால் விழுங்க வேண்டிய மாத்திரையில் மருந்து மட்டும் கிடையாது, அதைக் கெட்டியாக்க மாவும் சுண்ணமும் சேர்த்திருப்பார்கள், அது ரத்தக் குழாயில் போய் அடைக்கிறது, கை சீழ் பிடிக்கிறது, மருந்து கொஞ்சம் கூடினால் மூச்சே நின்றுவிடுகிறது. ஒரே ஊசியை நாலு பேர் போட்டால் ஹெச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் சேர்ந்து உள்ளே போகிறது.

இப்போது என் கடைக்கு வருகிறான். அக்னி நட்சத்திரம், வேலூர் வெயில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. அந்த மத்தியானத்தில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான் போட்டு. மூக்கு ஒழுகுகிறது, நிமிஷத்துக்கு ஒரு கொட்டாவி, கையில் மயிர் சிலிர்த்து நிற்கிறது. “அண்ணா, 2 எம்.எல். சிரிஞ்சு ரெண்டு குடுணா, பாட்டிக்கு சுகர் ஊசி போடணும்” என்றான். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் 2 எம்.எல். சிரிஞ்சு கேட்க மாட்டார்கள், அதற்குத் தனிச் சிரிஞ்சு, மெல்லிசாக, யூனிட் கணக்கு போட்டு இருக்கும். எனக்கு அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. “இல்லை, போ” என்று சொன்னேன். போய்விட்டான்.

நடுவர் அவர்களே, நான் அன்றைக்கு என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்தேன். அவனுடைய அப்பா மாசம் தவறாமல் என் கடையில் பிரஷர் மாத்திரை வாங்குகிறவர். அடுத்த வாரமே வந்தார். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன், சௌக்கியம் என்றார், மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பினேன். அடுத்தவர் வீட்டு விஷயம், நாம் சொல்லப்போய் மனஸ்தாபம் வந்தால்? இப்படியே நாலு மாசம், நாலு தடவை, அந்த மனிதர் என் முன்னால் நின்றார், நாலு தடவையும் நான் வாயைத் திறக்கவில்லை. பையன் சறுக்கியதைப் பற்றிப் பேசுகிறோம். சிரித்த மாமாவும், பேசாமல் இருந்த நானும் அந்தச் சரிவில் எண்ணெய் ஊற்றியவர்கள்தான். இதைச் சொல்லத்தான் இந்த அணியில் பேச ஒத்துக்கொண்டேன்.

அம்மாவுக்குத் தெரிந்தது, கைச் சீழ் வாசனை வந்த பிறகுதான். அதற்குள் தங்கச்சி சைக்கிள் விலை போயிருந்தது, அம்மாவின் கம்மல் அடகில் இருந்தது.

இங்கேதான் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா சொன்ன பழமொழி வருகிறது, அடியாத மாடு படியாது. ஐயா, காட்பாடி ஸ்டேஷனில் வடக்கேயிருந்து வருகிற ரயில்களில் சீட்டுக்கு அடியில் கேட்பாரற்றுக் கிடக்கிற பைகளையும், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டி வண்டியாகப் பிரித்துப் பார்ப்பதையும் உங்கள் துறை ராத்திரி பகலாகச் செய்கிறது, அதற்கு இந்த மேடையிலேயே கும்பிடு போடுகிறேன். விற்கிறவன் தெரிந்தேதான் செய்கிறான், அவனுக்காக நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா வைத்திருந்தால் பத்திலிருந்து இருபது வருஷம் என்று சட்டம் சொல்கிறது, நன்றாகப் போடட்டும்.

ஆனால் நம் பையனை அவன் அப்பா அடித்தார். பெல்ட்டால் அடித்து, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். படிந்தானா? நேராகப் பாலத்துக்கு அடியில் போனான், அங்கேதான் அவனை வா என்று கூப்பிட ஆள் இருந்தது. பதினோரு நாள் வீட்டுக்கு வரவில்லை. அப்போது அவன் இன்பத்துக்காகப் போட்டுக்கொண்டிருக்கவில்லை, அது எப்போதோ முடிந்துபோனது. போடாவிட்டால் வயிற்றைப் பிடுங்கிக்கொண்டு போகும், எலும்புக்குள் யாரோ கடப்பாரை போட்டுக் குடைவது மாதிரி இருக்கும், கண் மூட முடியாது. அந்த வலி வராமல் இருக்கத்தான் போட்டான். ஏற்கெனவே அந்த அடி வாங்கிக்கொண்டிருப்பவனுக்கு நாம் பெல்ட்டை எடுத்து என்ன புதிதாகச் சொல்லிக் கொடுத்துவிடப் போகிறோம்? அந்தப் பதினோரு நாளில் உறவுக்காரர் ஒருவர் வந்து, “கால்கட்டு போட்டுடுங்க, சரியாயிடுவான்” என்று யோசனை சொல்லிவிட்டுப் போனார். யார் வீட்டுப் பெண்ணோ, அவள் தப்பித்தாள்.

சட்டத்தைப் பற்றிப் பேசியதால் ஒன்று சொல்கிறேன். 1985-ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்குச் சின்ன அளவில் வைத்திருந்து மாட்டிய ஒருவன், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டு அதை முழுசாக முடித்தால், வழக்கிலிருந்து விடுவிக்க அதில் வழி இருக்கிறது. திமிரில் செய்தான் என்று சட்டம் நினைத்திருந்தால் அந்தப் பிரிவை ஏன் எழுத வேண்டும்?

பன்னிரண்டாவது நாள் அவன் அம்மா என் கடைக்கு வந்தார். புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “இதுக்கு மருந்து இருக்குதாங்க” என்று கேட்டார். அன்றைக்குத்தான் நான் கடையைச் சாத்தினேன். 22 வருஷத்தில் சாவு, கல்யாணம் தவிர மத்தியானத்தில் சாத்தியது அந்த ஒரு நாள். நானும் அவன் அப்பாவும் பாலத்துக்கு அடியில் போய் அவனைக் கூட்டி வந்தோம். அவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆட்டோவில் அவன் முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.

நமக்கு இந்த ஊரில் ஒரு பாக்கியம் இருக்கிறது, அதை நாமே மறந்துவிடுகிறோம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. நோயாளியைத் தனியாகப் பூட்டி வைக்காமல் வீட்டு ஆளையும் கூடவே தங்க வைத்து வைத்தியம் பார்க்கிற வழக்கத்தை 1950-களிலேயே தொடங்கிய இடம் அது. காசு இல்லாதவர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 14446 என்று நாடு முழுக்க ஒரு இலவச எண் இருக்கிறது, செல்போனில் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்கு ஆகும். இவன் அம்மா கூடவே தங்கினார். அடி இல்லை, சங்கிலி இல்லை. உடம்பு நடுக்கம் நிற்க மருந்து, அப்புறம் பேச்சு, அப்புறம் மறுபடியும் பேச்சு. வெளியே வந்து மூணு மாசத்தில் மறுபடியும் விழுந்தான். திரும்பவும் கூட்டிப் போனார்கள். ஆறு மாசம் கழித்து இன்னொரு தடவை. சர்க்கரை வியாதிக்காரர் ஒருநாள் ஜாங்கிரி சாப்பிட்டு ரத்தத்தில் ஏற்றிக்கொண்டால் நாம் அவரை வீட்டை விட்டுத் துரத்துகிறோமா, மறுபடியும் மாத்திரைதானே கொடுக்கிறோம்? அப்படித்தான் அந்த அம்மாவும் செய்தார்.

இப்போது ஒன்றரை வருஷமாகத் தொடவில்லை. காட்பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை இப்போது அவன்தான் வந்து வாங்குகிறான், அரைக்கைச் சட்டைதான் போடுகிறான், தழும்பை மறைப்பதில்லை. போன மாசம் வந்தவன் மாத்திரையை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றான். என்ன தம்பி என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், எனக்குப் பின்னால் இருக்கிற அலமாரியில் மேல் தட்டைக் காட்டினான். சிரிஞ்சு டப்பா. “அண்ணா, அதைக் கொஞ்சம் உள்ள வெச்சிடுணா. நான் வர்றப்ப கண்ணுல படுது” என்றான்.

உள்ளே எடுத்து வைத்துவிட்டேன், நடுவர் அவர்களே. இன்றைக்கும் அது உள்ளேதான் இருக்கிறது. வணக்கம்.